ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் வாங்கப் போறீங்களா? பளபளப்பை மட்டும் பார்க்காதீங்க, லேபிளையும் பாருங்க!

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை எடுக்கப் போனால் வெறும் நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட மாட்டோம். முந்தானையைத் திருப்பிப் பார்ப்போம். ஜரிகையை லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்பு இழை தெரிகிறதா என்று பார்ப்போம். சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று கேட்போம். விசேஷத்துக்குக் கட்டும் சேலைக்கே இவ்வளவு சோதனை. ஆனால், ரோட்டில் நின்று வேலை பார்ப்பவரின் உயிரைக் காக்க வாங்கும் துணியை எப்படி வாங்குகிறோம்? "அண்ணே, அந்த மஞ்சள் ஜாக்கெட்ல ஒரு இருபது பீஸ் போடுங்க!" அவ்வளவுதான்.

தூய்மைப் பணி, சாலைப் பணி, கேபிள் பதிப்பு, தெருவிளக்குப் பராமரிப்பு, திருவிழாக் கூட்ட ஒழுங்கு, குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவது என எந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்த வேலையை நீங்களே செய்பவராக இருந்தால் கட்டாயம் படிங்க. கையில் ஒரு ஸ்மார்ட்போனும் ஒரு இன்ச் டேப்பும் இருந்தால் போதும், சரியான ஜாக்கெட்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

திருப்பருத்திக்குன்றத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வேகவதி ஆற்றை ஒட்டி, காஞ்சிபுரத்தின் தென்மேற்கில் இருக்கும் ஊர். ஜினகாஞ்சி என்றும் பெயர் உண்டு. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் விதான ஓவியங்களும் இங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலில் இருக்கின்றன. ஊர்ப் பெயரிலேயே பருத்தி இருக்கிறது, பக்கத்திலேயே பட்டுத் தறிகள். துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர்கள் வாழும் பகுதி இது. ஆனால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் விஷயத்தில் அந்தக் கைப்பழக்கம் மட்டும் போதாது. நல்லதும் மட்டமானதும் கடையில் தொங்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பளிச்சிடும். வித்தியாசம் தெரிவது இருட்டில், மழையில், பத்துத் தடவை துவைத்த பிறகு. அதனால்தான் வாங்கும்போதே சரிபார்க்கணும்.

ஒரு நொடிக்கு 17 மீட்டர்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒவ்வொரு நொடியும் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் கண்ணில் ஒரு உருவம் பட்டு, அது ஆள் என்று புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டி 33 மீட்டர் தாண்டியிருக்கும். பிரேக் பிடித்த பிறகு, நல்ல காய்ந்த சாலையில்கூட நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக, 50 மீட்டருக்கும் அதிகமான தூரத்திலேயே பணியாளர் தெரிந்தாக வேண்டும். மழை பெய்தால், டயர் தேய்ந்திருந்தால், பாரம் அதிகமாக இருந்தால் அந்தத் தூரம் இன்னும் கூடும்.

கருநீலச் சட்டையோ காக்கிச் சட்டையோ போட்ட ஒருவரை இரவில் டிம் லைட் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். ஜாக்கெட் வாங்கித் தருவது இந்த 50 மீட்டரைத்தான்.

ஒரே ஜாக்கெட், இரண்டு வேலை

இந்த ஜாக்கெட்டில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு நேரத்தில் வேலை செய்பவை.

முதலாவது, ஒளிரும் நிறத் துணி. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. இந்தத் துணியின் சாயம் அவற்றை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. அதனால்தான் பகலிலும், விடியும் நேரம், பொழுது சாயும் நேரங்களிலும் அது சாதாரண மஞ்சளைவிட எடுப்பாகத் தெரிகிறது. இருட்டிய பிறகு புற ஊதா ஒளி இல்லை, அதனால் அந்தத் தனிப் பளிச்சும் இல்லை.

இரண்டாவது, வெள்ளி நிறப் பட்டை. இதில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டக அமைப்போ இருக்கும். விளக்கொளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். வண்டியின் முகப்பு விளக்கு பட்டதும் அந்த ஒளி ஓட்டுநர் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. பட்டை தானாக ஒளி தராது, விளக்கு பட்டால்தான் மின்னும்.

சுருக்கமாகச் சொன்னால், பகலுக்குத் துணி, இரவுக்குப் பட்டை. வெளிறிய துணியில் நல்ல பட்டை இருந்தால் பகலில் பயனில்லை. புதுத் துணியில் உரிந்த பட்டை இருந்தால் இரவில் பயனில்லை. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டும்.

இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1964-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரயில் பாதைத் தொழிலாளர்களுக்கு ஒளிரும் ஆரஞ்சு நிற ஜாக்கெட் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே புதிதாக ஓடத் தொடங்கியிருந்த மின்ரயில்கள் வேகமாக வந்ததால், ரயில் ஓட்டுநருக்கு ஆட்கள் முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது.

எந்த வகுப்பு வேண்டும்?

இந்த வகை ஆடைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். வெளியிட்டிருக்கும் தரநிலை ஐ.எஸ். 15809. உலக அளவில் பயன்படுவது ஐ.எஸ்.ஓ. 20471. இந்தச் சர்வதேசத் தரநிலை ஆடைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. வண்டிகள் வரும் வேகத்தை வைத்து இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

• வகுப்பு 1: வண்டிகள் மணிக்கு 30 கி.மீ.க்குள் போகும் இடம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தொழிற்சாலை வளாகம், வாகன நிறுத்துமிடம் போன்றவை.

• வகுப்பு 2: மணிக்கு 60 கி.மீ. வரை வண்டி போகும் இடம். திருப்பருத்திக்குன்றம் போன்ற ஊரின் சாலைகளில் சாக்கடை தூர்வாருபவர், குப்பை அள்ளுபவர், பள்ளம் தோண்டுபவருக்குக் குறைந்தது இது வேண்டும்.

• வகுப்பு 3: மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் வண்டி பறக்கும் இடம். காஞ்சிபுரம் மாவட்டம் வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் சரி.

ஒன்றைக் கவனிங்க. கையில்லாத ஜாக்கெட் மட்டும் போட்டு வகுப்பு 3-ஐ எட்ட முடியாது. உடம்போடு சேர்த்துப் பட்டை வைத்த முழுக்கையோ, பட்டை வைத்த முழுநீளப் பேண்ட்டோ இருக்க வேண்டும். கையும் காலும் அசைவது தெரிந்தால்தான் ஓட்டுநருக்கு 'இது பலகை இல்லை, ஆள்' என்று சட்டெனப் புரியும். "இது வகுப்பு 3 வெஸ்ட்" என்று யாராவது கையில்லாத ஜாக்கெட்டை மட்டும் நீட்டினால் சந்தேகப்படுங்க.

இன்ச் டேப் சோதனை

ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்சப் பரப்பளவு உண்டு. வகுப்பு 2-க்கு ஒளிரும் துணி 0.50 சதுர மீட்டரும் பட்டை 0.13 சதுர மீட்டரும் இருக்கணும். வகுப்பு 3-க்கு முறையே 0.80, 0.20 சதுர மீட்டர். வகுப்பு 1-க்கு 0.14, 0.10 சதுர மீட்டர்.

சதுர மீட்டர் கணக்கு குழப்பமாக இருக்கா? எளிதான வழி இருக்கு. பட்டையின் அகலம் குறைந்தது 5 செ.மீ., அதாவது 2 இன்ச் இருக்க வேண்டும். 5 செ.மீ. பட்டை என்றால், ஒரு ஜாக்கெட்டில் உள்ள எல்லாப் பட்டைகளின் நீளத்தையும் கூட்டிப் பாருங்க:

• வகுப்பு 1: குறைந்தது 2 மீட்டர்
• வகுப்பு 2: குறைந்தது 2.6 மீட்டர்
• வகுப்பு 3: குறைந்தது 4 மீட்டர்

நெஞ்சில் ஒரு துண்டு, முதுகில் ஒரு துண்டு என்று ஒட்டியிருக்கும் மலிவான ஜாக்கெட்டை அளந்தால் பாதியிலேயே கணக்கு முடிந்துவிடும். பட்டை 1 இன்ச் அகலம்தான் என்றால் அளக்கவே வேண்டாம், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்க.

அடுத்து, பட்டை உடம்பைச் சுற்றி முழு வட்டமாக வருகிறதா என்று பாருங்க. பணியாளர் பக்கவாட்டில் திரும்பி நின்றாலும் தெரியணும். முன்பக்கம் ஜிப் அல்லது வெல்க்ரோ மூடும் இடத்தில் பட்டையின் இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது.

முதுகில் கம்பெனி பெயரையோ விளம்பரத்தையோ பெரிதாக அச்சடித்தால், அந்த அளவுக்கு ஒளிரும் பரப்பு குறைகிறது. பெயர் வேண்டும் என்றால் சிறிய எழுத்தில் போடச் சொல்லுங்க. பட்டைமேல் எதையும் அச்சடிக்க விடாதீங்க.

போனிலேயே சரிபார்க்கலாம்

லேபிளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். உண்மையான முத்திரையின் மேலே தரநிலை எண் இருக்கும். கீழே ஆங்கில எழுத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்தான் உங்கள் சாவி.

1. போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை இறக்குங்கள். இலவசம்தான்.
2. அதில் 'வெரிஃபை லைசென்ஸ் டீட்டெய்ல்ஸ்' என்ற பகுதியைத் திறங்கள்.
3. லேபிளில் உள்ள உரிம எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.
4. திரையில் வரும் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
5. உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். தலைக்கவசத்துக்கு வாங்கிய உரிம எண்ணை ஜாக்கெட்டில் போட்டிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எண் பொருந்தவில்லையா? அதே செயலியிலேயே புகார் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம்.

ஐ.எஸ்.ஓ. 20471 என்று போட்ட ஜாக்கெட் என்றால், லேபிளில் ஒரு ஜாக்கெட் படமும் அதன் பக்கத்தில் வகுப்பு எண்ணும் இருக்கணும். அந்த மாடலுக்கான ஆய்வக அறிக்கையை விற்பவரிடம் கேளுங்க. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தானா, அறிக்கையில் உள்ள மாடலும் கையில் உள்ள மாடலும் ஒன்றுதானா என்று சரிபாருங்க. 'ஹை விசிபிலிட்டி' என்ற வார்த்தை மட்டும் அச்சடித்திருந்தால் அது விளம்பரம்தான், சான்று ஆகாது.

டார்ச் சோதனை

மாதிரிக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி வந்து இரவில் இதைச் செய்து பாருங்க. இருட்டான இடத்தில் அதை மாட்டிவிட்டு 50 அடி தள்ளி நில்லுங்கள். போன் டார்ச்சைப் போட்டு, போனை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் நெற்றியோரமாகப் பிடியுங்கள். பட்டை, ஒளி வந்த இடத்துக்கே அதைத் திருப்பி அனுப்பும் என்று பார்த்தோம் இல்லையா? அதனால் போனை இடுப்பருகே பிடித்தால் சரியாகத் தெரியாது.

நல்ல பட்டை பளீர் வெண்மையாக எரிவது போலத் தெரியும். வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மங்கலாகவே இருக்கும். பிறகு பட்டைமேல் தண்ணீர் தெளித்து ஒரு தடவை, நாலைந்து முறை துவைத்த பிறகு ஒரு தடவை பாருங்க. இந்தச் சோதனையில் தோற்றதைத் தைரியமாக ஒதுக்கலாம். ஆனால் இதில் ஜெயித்தது எல்லாம் தரமானது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு லேபிளும் அறிக்கையும்தான் சாட்சி.

யார் போடப் போகிறார்கள்?

தரமான ஜாக்கெட்டும் தவறான ஆளுக்குப் போனால் வீண்.

• நிறம்: தரநிலை ஏற்கும் ஒளிரும் நிறங்கள் மூன்று: மஞ்சள், ஆரஞ்சு-சிவப்பு, சிவப்பு. பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தை எடுங்க. வயலும் மரமுமாக இருக்கும் சாலையில் ஆரஞ்சு-சிவப்பு எடுப்பாக இருக்கும். ஆரஞ்சு கூம்புகளும் ஆரஞ்சு இயந்திரங்களும் நிறைந்த பணியிடத்தில் மஞ்சள் நல்லது.

• சேலை மேல் போடும்போது: நம் ஊர் தூய்மைப் பணியில் பெண்கள் நிறையப் பேர். முந்தானை ஜாக்கெட்டுக்கு வெளியே வந்தால் பட்டை மறைந்துவிடும். முந்தானையை உள்ளே விட்டு மேலே மூடும் அளவுக்கு வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே சைஸ் என்று வாங்க வேண்டாம்.

• வெயில்: அனல் தாங்காமல் முன்பக்கத்தைத் திறந்துவிட்டால் பட்டையின் வட்டம் உடைந்துவிடும். காற்றோட்டமான வலைத்துணி ஜாக்கெட் கொடுத்தால் மூடிப் போடுவார்கள். அதிலும் பரப்பளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்க.

• மழை: ஜாக்கெட் மேல் சாதாரண ரெயின்கோட் போட்டால் எல்லாம் மறைந்துபோகும். ரெயின்கோட்டிலேயே ஒளிரும் நிறமும் பட்டையும் இருக்கணும்.

• வெல்டிங், மின்வேலை: சாதாரண பாலியஸ்டர் ஜாக்கெட் தீப்பொறியில் உருகி உடம்பில் ஒட்டும். இவர்களுக்குத் தீ எதிர்ப்புத் துணியில் செய்ததுதான் வேண்டும்.

• சுழலும் இயந்திரம்: பக்கத்தில் வேலை செய்பவருக்கு, இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ வைத்தது பாதுகாப்பு.

துவைப்பதும் தூக்கிப் போடுவதும்

எத்தனை முறை துவைக்கலாம் என்று பல லேபிள்களில் எண் இருக்கும். உள்பக்கம் அழியாத பேனாவால் ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு கோடு போட்டு வாங்க. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பட்டைமேல் பிரஷ் போடாதீங்க, இஸ்திரியும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்க.

ஒரு புது ஜாக்கெட்டைப் பயன்படுத்தாமல் பீரோவில் வையுங்கள். மாதம் ஒரு முறை வேலை ஜாக்கெட்டுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நிறம் வெளிறியிருந்தால், பட்டை வெடித்திருந்தால், தார் அல்லது கிரீஸ் கறை போகாமல் இருந்தால் மாற்றிவிடுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு வெளிறியது தெரியாது, பக்கத்தில் புதுசு இருந்தால்தான் தெரியும். "இன்னும் கிழியலையே" என்பது காரணம் ஆகாது. கிழியாத பழைய ஜாக்கெட்தான் ஆபத்து. போட்டிருப்பவர் 'நான் தெரிகிறேன்' என்று நம்பி நடுரோட்டில் நிற்பார். ஓட்டுநருக்கு அவர் தெரிந்திருக்க மாட்டார்.

ஆர்டரில் என்ன எழுதணும்?

"மஞ்சள் ஜாக்கெட் – 20" என்று எழுதாமல் இப்படி எழுதிக் கொடுங்கள்:

"ஐ.எஸ். 15809-க்கு உட்பட்ட, வகுப்பு 2 ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். நிறம் ஒளிரும் ஆரஞ்சு-சிவப்பு. பட்டை 5 செ.மீ., உடம்பைச் சுற்றி முழு வட்டம், சைஸ் வாரியாக எண்ணிக்கை இணைப்பில், ஐ.எஸ்.ஐ. உரிம எண் ஒவ்வொரு லேபிளிலும் இருக்க வேண்டும். மாதிரியோடு பொருந்தாதவை திருப்பி அனுப்பப்படும்."

அதே விவரம் பில்லிலும் வரட்டும். நாளை ஒரு புகார் என்றால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பில்தான்.

காசு யார் தரணும்?

தொழிலாளியின் பாதுகாப்புக்காக வழங்கும் எதற்கும் அவரிடம் பணம் வசூலிக்கக் கூடாது. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020 இதை வேலை அளிப்பவரின் கடமையாகவே சொல்கிறது. ஜாக்கெட் பணத்தைச் சம்பளத்தில் பிடித்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம். உங்கள் பகுதி தொழிலாளர் துறை அலுவலகத்தையோ, தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தையோ அணுகலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் அழைத்துப் புகார் பதிவு செய்யலாம்.

இன்னொரு விஷயம். ஜாக்கெட் கொடுத்துவிட்டோம் என்று தடுப்பும் கூம்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்காமல் விடக் கூடாது. சாலைப் பணியிடங்களில் போக்குவரத்தை எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 வழிகாட்டி இருக்கிறது. முதலில் வண்டியை விலக்கிவிடும் ஏற்பாடு, பிறகுதான் ஜாக்கெட். வண்டியை ஜாக்கெட் நிறுத்தாது. நிறுத்த வேண்டியவருக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்கள் குழுவிடம் இருக்கும் ஜாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து லேபிளைப் படியுங்க, பட்டையை அளந்து பாருங்க, உரிம எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது. சரியில்லை என்றால், அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் முன் மாற்றிக் கொடுங்க.